கணைக்கால் வலிக்கு லேசர் ஒளி: கேளுங்கள், சொல்கிறேன்

ஓடுகிறவர்களுக்கு வரும் கால்வலி பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கணைக்கால் எலும்பின் உட்புற ஓரத்தில் வரும் ஷின் ஸ்ப்ளிண்ட் வலியையும், அதற்கு வைக்கப்படும் லேசர் ஒளியையும் பற்றியே இருந்தன. இந்தக் கால்களைத் தினமும் தொட்டுப் பார்த்துச் சிகிச்சை தருகிற பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில், இந்த முறை முழுக்க அதற்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

மேடம், எனக்கு வயது 34. அரை மாரத்தானுக்காகத் தூரத்தைக் கூட்டியதிலிருந்து இரண்டு கணைக்காலிலும் உட்புறம், கீழ்ப்பாதி முழுக்க வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கிறது, உடம்பு சூடானதும் அடங்குகிறது, மறுநாள் காலையில் படி இறங்கும்போது திரும்ப வந்துவிடுகிறது. ஷின் ஸ்ப்ளிண்ட் என்று சொல்லி லேசர் வைக்கிறார்கள். சூடு கூடத் தெரியவில்லை. இது உண்மையிலேயே வேலை செய்யுமா?

வலியைக் குறைக்க உதவும் தம்பி. வலிக்குக் காரணமான ஓட்டச் சுமையை அது தொடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் அந்த மேசையில் படுத்திருக்கிற நேரத்துக்குப் பலன் கிடைக்கும்.

முதலில் காலுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலுக்கு ஏறுகிறது. கணைக்கால் எலும்பு அந்த விசையில் மிக நுண்ணிய அளவுக்கு வளைந்து நிமிர்கிறது. கெண்டைக்காலின் அடியில் இருக்கும் சோலியஸ் போன்ற தசைகள் எலும்பின் உட்புற விளிம்பையும் அதன் மேலுறையையும் இழுக்கின்றன. இப்படிச் சுமை ஏறும்போது எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளப் பார்க்கும். அதற்கு முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். அரிப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். பழைய செங்கலைப் பெயர்த்த சுவரில், புதுச் செங்கல் வைப்பதற்குள் இன்னொரு மாடியை ஏற்றுவது போன்றதுதான் அந்த இடைவெளியில் நீங்கள் தூரத்தைக் கூட்டுவது. மாரத்தான் பயிற்சியில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு இந்த வலி அதிகம் வருவது இதனால்தான். தட்டைப் பாதம் உள்ளவர்கள், உடல் எடை கூடுதலாக உள்ளவர்கள், முன்பே ஒரு முறை இந்த வலி வந்து போனவர்கள், பெண்கள் ஆகியோருக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

இனி ஒளி. 1967-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் ஒளியால் புற்றுநோய் வருமா என்று பார்ப்பதற்காக எலிகளின் முதுகை மழித்து, சக்தி குறைந்த ரூபி லேசரைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை. மழித்த இடத்தில் மயிர்தான் வேகமாக வளர்ந்தது. இந்தச் சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது. சிவப்பும் அதை அடுத்த அகச்சிவப்பும், அதாவது ஏறக்குறைய 600 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான ஒளி, உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதியால் உறிஞ்சப்படுகிறது என்பதும், அதனால் உயிரணுவுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. உற்பத்தி கூடி, வீக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருள்கள் குறைகின்றன என்பதும் பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் தரும் விளக்கம். உங்களுக்குச் சூடு தெரியாததற்குக் காரணம் இதுதான். இந்த லேசர் சூட்டால் வேலை செய்வதில்லை. சூடு தெரியவில்லை என்பதற்காகக் கருவி ஓடவில்லை என்று நினைக்க வேண்டாம்.

கணைக்காலுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. எலும்பின் உட்புறம் தசை மூடாமல் தோலுக்கு நேர் கீழேயே கிடக்கிறது. விரலால் தடவினாலே எலும்பு தட்டுப்படும். இடுப்பு மூட்டு போல ஆழத்தில் இருக்கும் இடத்துக்கு ஒளி போய்ச் சேருவது கஷ்டம். இங்கே எலும்பின் மேலுறை வரை போவது எளிது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டியது அதுதான். டென்மார்க்கில் ராணுவ வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உண்மையான லேசரும் இன்னொரு குழுவுக்குப் போலி லேசரும் வைத்து, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2014-ல் தைவானிலிருந்து வந்த ஆய்வில், விளையாட்டால் எலும்பு உறை புண்பட்ட ஆண்களுக்கு ஐந்து நாள் லேசர் வைத்ததில் வலி நன்றாகக் குறைந்தது. இரண்டுமே சிறிய ஆய்வுகள். 2013-ல் ஷின் ஸ்ப்ளிண்டுக்கான எல்லாச் சிகிச்சை ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள், எந்த ஒரு சிகிச்சையையும் உறுதியாகச் சிபாரிசு செய்யும் அளவுக்குப் பழுதில்லாத ஆய்வு இல்லை என்றே எழுதினார்கள். லேசருக்கு மட்டுமான தீர்ப்பு இல்லை இது. நீட்டல் பயிற்சி, காலுறை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

நான் லேசர் வைக்கிறேன். முதல் இரண்டு மூன்று வாரம், வலி தணிந்து நோயாளி நிம்மதியாக நடக்கவும் பயிற்சியைத் தொடங்கவும் ஒரு துணையாக. ஆனால் வைப்பதற்கு முன்னால் ஓட்டத்தை எவ்வளவு குறைக்கப் போகிறீர்கள் என்று பேசி முடித்துவிடுவேன். உங்களுக்குச் சிகிச்சை தருகிறவர் வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், எப்போது கூட்டினீர்கள், காலணி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை என்றால், லேசரை விட்டுவிட்டு அந்தப் பேச்சை முதலில் நீங்களே தொடங்குங்கள்.

என் மகளுக்கு 16 வயது. பள்ளி அணியில் 800 மீட்டர் ஓடுகிறாள். ஒரு மாதமாக வலது கணைக்காலில் ஒரே இடத்தில் வலி. இப்போது இரவிலும் வலிக்கிறது என்கிறாள். எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். லேசர் ஐந்து முறை வைத்ததில் கொஞ்சம் குறைந்தது, பயிற்சிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். அடுத்த மாதம் போட்டி இருக்கிறது. மீதி ஐந்து முறையும் வைத்துவிடலாமா?

வேண்டாம் அம்மா. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. இதழ் உங்கள் கைக்கு வந்ததுமே ஓட்டத்தையும் குதிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். லேசரையும் நிறுத்துங்கள். எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போய், மயிரிழை விரிசல் இருக்குமோ என்று நேரடியாகக் கேளுங்கள்.

நான் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன், நீங்களும் வீட்டில் மெதுவாகச் செய்து பார்க்கலாம். காலைத் தளர்வாக வைக்கச் சொல்லி, கணுக்காலின் உட்புற முட்டிலிருந்து மேல்நோக்கி, எலும்பின் உள் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவேன். “இங்கே ஆரம்பிக்குது” என்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு. “இப்ப இல்ல” என்ற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் பரவலாக வலித்தால் அது ஷின் ஸ்ப்ளிண்ட் பக்கம் சாய்கிறது. ஒரு விரல் நுனி அளவுள்ள இடத்தைத் தொட்டதும் பிள்ளை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால், எலும்பில் விரிசலாக இருக்கலாம். வலி எலும்பின் முன் விளிம்பில், நடுவாக்கில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்த இடத்து விரிசல் ஒட்டி ஆறச் சிரமப்படும், சில சமயம் முழு முறிவாகவே போய்விடும். ஓய்வில் வலி, இரவில் வலி, ஒற்றைக் காலில் குதிக்க முடியாத வலி, இவை எல்லாம் அதே பக்கம்தான் கை காட்டுகின்றன.

எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, பிறகும் சிலருக்குத் தெரிவதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

லேசர் ஒளி அந்த எலும்புக்கு நேரடியாகக் கெடுதல் செய்திருக்கும் என்று பயப்பட வேண்டாம். கெடுதல் வேறு வழியில் வருகிறது. உங்கள் மகள் வலி குறைந்ததும் பயிற்சிக்குப் போய்விட்டாள், பாருங்கள். “இனி முடியாது” என்று எலும்பு சொல்லும் ஒரே வழி வலிதான். அதை அடக்கிவிட்டு ஓடவைத்தால் விரிசல் நீளும்.

இன்னொன்றையும் தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, நின்றுபோயிருக்கிறதா, எடை கூடிவிடும் என்று சாப்பாட்டைக் குறைக்கிறாளா? ஓடுகிற பெண் பிள்ளைகளுக்குச் செலவாகும் ஆற்றலுக்கு ஈடாகச் சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பின் அடர்த்தியும் குறையும். பயிற்சியாளர்கள் இதைக் கேட்பதில்லை, பிள்ளைகளும் தாமாகச் சொல்வதில்லை. மாதவிடாயோ சாப்பாடோ சரியில்லை என்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள், வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் இல்லை என்று உறுதியானால் மிக்க மகிழ்ச்சி. இருந்தால் இந்தப் போட்டி போகட்டும் அம்மா. 16 வயதுப் பிள்ளைக்கு இன்னும் எத்தனையோ போட்டி காத்திருக்கிறது.

வீட்டில் வைத்துக்கொள்ளும் சிவப்பு எல்.இ.டி. பட்டை வாங்கியிருக்கிறேன். பத்து நிமிடம் வைக்கச் சொல்லிப் போட்டிருக்கிறது. சீக்கிரம் குணமாகட்டும் என்று காலையும் மாலையும் ஒரு மணி நேரம் கட்டிக்கொள்கிறேன். சரிதானே? பாதி விளக்குகள் எரிவதும் இல்லை.

சரியில்லை. இந்த ஒளிக்கு ஒரு குணம் உண்டு. குறைவாகப் போனால் ஒன்றும் நடக்காது, அளவாகப் போனால் பலன் தரும், அளவு மீறினால் பலன் குறைந்து, சில சமயம் ஆறுவதையே தாமதப்படுத்தும். அதனால் நேரத்தை மட்டும் பார்க்கக் கூடாது, எவ்வளவு ஆற்றல் உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும்.

கணக்கு சுலபம்தான். சக்தியை நேரத்தால் பெருக்கினால் ஆற்றல். 100 மில்லிவாட் லேசரை ஒரு புள்ளியில் 40 விநாடி வைத்தால் 4 ஜூல். அதே 4 ஜூலுக்கு 500 மில்லிவாட் கருவியில் 8 விநாடி போதும். பட்டையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிவாட் என்று எழுதியிருந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 4 ஜூல் கிடைக்க 200 விநாடி, அதாவது மூன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதைத் தோலோடு ஒட்டி வைக்க வேண்டும். துணிக்கு மேலே கட்டினாலோ, தள்ளிப் பிடித்தாலோ பாதி ஒளி சிதறிவிடும். கருவியோடு வந்த தாளில் அலைநீளமும் சக்தியும் இல்லாமல், எத்தனை விளக்கு என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது. அப்படிப்பட்ட பட்டையை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

எரியாத விளக்குகள் பழுதாக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தப் பட்டைகளில் பெரும்பாலும் 660 நானோமீட்டர் சிவப்பும் 850 நானோமீட்டர் அகச்சிவப்பும் கலந்திருக்கும். 850 நம் கண்ணுக்குத் தெரியாது, உற்றுப் பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளி மாதிரி ஏதோ தெரியலாம். கைபேசிக் கேமராவைத் திறந்து பட்டையின் மேல் காட்டுங்கள். பல கைபேசிகளில் வெளிறிய ஊதா நிறத்தில் அந்த விளக்குகள் எரிவது திரையில் தெரியும். ஆழமாகப் போவதும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒளிதான்.

எங்கள் வீட்டில் ஒத்தடத்துக்கு வைத்திருக்கும் சிவப்பு அகச்சிவப்பு விளக்கையே காலுக்குக் காட்டினால் போதாதா?

போதாது. அது சூடு தரும் விளக்கு, தோலைச் சூடாக்கித் தசையைத் தளர்த்தும். இங்கே பேசுவது சூடில்லாத, அலைநீளமும் அளவும் தெரிந்த ஒளி. ஓடி முடித்த உடனே விண்விண் என்று வலிக்கிற காலுக்குச் சூட்டைவிட, துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பது இதமாக இருக்கும்.

ஓட ஆரம்பித்துக் குறிப்பிட்ட தூரம் போனதும் கெண்டையும் கணைக்காலும் கல்லாக இறுகி, பாதம் மரத்துவிடுகிறது. நின்றால் சிறிது நேரத்தில் சரியாகிவிடுகிறது. எலும்பைத் தொட்டால் வலி இல்லை. லேசர் வைக்கலாமா?

வைத்துப் பயன் இல்லை. நீங்கள் சொல்வது ஷின் ஸ்ப்ளிண்ட் மாதிரி தெரியவில்லை. ஓடும்போது தசை உப்பி, அதைச் சுற்றியிருக்கும் இறுக்கமான உறைக்குள் அழுத்தம் ஏறுவதால் இப்படி வரும். அந்த அழுத்தத்தை அளந்து பார்க்கும் சோதனை இருக்கிறது. விளையாட்டு மருத்துவம் தெரிந்த எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எப்போதாவது ஓய்விலும் இறுக்கம் விடாமல் வலி ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கருத்த தோல், காலில் பச்சை குத்தியிருக்கிறேன். முன்பு விபத்தில் அதே காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். லேசர் ஆகுமா?

கம்பி பிரச்சினை இல்லை, இந்த ஒளி உலோகத்தைச் சூடாக்கும் அளவுக்கு வலுவானது இல்லை. ஆனால் கம்பி இருக்கிற காலில் புதிதாக வலி என்றால், லேசருக்கு முன்னால் அந்தக் கம்பியையும் எலும்பையும் மருத்துவர் பார்த்துவிட வேண்டும். பச்சை குத்திய மை ஒளியை உறிஞ்சிச் சூடாகும், சக்தி கூடிய கருவி என்றால் சுடும், அந்த இடத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். கருத்த தோலில் மெலனின் அதிகம். அது சிவப்பு ஒளியை மேலேயே கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும், அகச்சிவப்பை அவ்வளவு உறிஞ்சாது. எனவே உங்களுக்கு அகச்சிவப்பு பொருத்தம், சுருக்கென்று சூடு தெரிந்தால் உடனே சொல்லிவிடுங்கள்.

கண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். லேசர் வைக்கும்போது அதற்கான கண்ணாடி உங்களுக்கும் வேண்டும், வைப்பவருக்கும் வேண்டும். அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாததால் இமை தானாக மூடாது, விழித்திரை புண்படும். கண்ணாடி தராத இடத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த இடத்தில் புற்றுநோய் இருந்தவர்களும், வெயிலில் போகாதீர்கள் என்று எச்சரிக்கை உள்ள மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது.

லேசர் வைத்து மூன்று வாரத்தில் வலி சுத்தமாகப் போய்விட்டது. இனி பழையபடி ஓடலாமா மேடம்?

பழையபடி வேண்டாம், புதிதாகத் தொடங்குங்கள். நெதர்லாந்தில் 74 விளையாட்டு வீரர்களை வைத்து 2012-ல் வெளிவந்த ஆய்வு இருக்கிறது. படிப்படியாக ஓட்டத்தைக் கூட்டியவர்கள் ஒரு குழு, அதோடு நீட்டல், வலுவூட்டல் செய்தவர்கள் ஒரு குழு, இறுக்கக் காலுறை போட்டவர்கள் ஒரு குழு. மூன்று குழுவுக்குமே தொடர்ந்து 18 நிமிடம் சிரமமில்லாமல் ஓடுவதற்கு சராசரியாக நூறு நாளுக்கு மேல் ஆனது. எலும்பு கட்டி முடிக்க மாதங்கள் ஆகும் என்று முதல் கேள்வியில் சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். உங்கள் வலி மூன்று வாரத்தில் போயிருக்கலாம், எலும்பு வேலையை முடித்திருக்காது.

ஓடலாமா என்று தீர்மானிக்க நான் பார்ப்பது மூன்று. லேசர் வைக்காமல் சில நாள் விட்டு, எலும்பின் உள் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் வலி இருக்கக் கூடாது. அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் அன்றும் மறுநாள் காலையும் வலி வரக் கூடாது. ஒற்றைக் காலில் நின்று சில முறை குதித்தால் வலிக்கக் கூடாது. லேசர் வைத்த அன்றே அழுத்திப் பார்த்தால் சரியான பதில் கிடைக்காது.

மூன்றும் சரி என்றால் ஒரு நிமிடம் மெதுவோட்டம், ஒரு நிமிடம் நடை, இப்படிப் பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதலில் ஓடும் நிமிடத்தைக் கூட்டுங்கள், வேகத்தைக் கடைசியில் கூட்டுங்கள். அடியை நீளமாக எடுத்து வைக்கிறவர்கள் அந்த நீளத்தைக் குறைத்து, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் கணைக்காலில் ஏறும் விசை குறையும். குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியை முழங்காலை நீட்டி ஒரு முறையும், மடக்கி ஒரு முறையும் செய்யுங்கள். மடக்கிச் செய்வதுதான் சோலியஸ் தசைக்குப் போகும், பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். மறுநாள் காலை எழுந்து முதல் படி இறங்கும்போது வலித்தால், முந்தைய நாள் ஓடியது அதிகம் என்று பொருள். ஒரு படி பின்வாங்கி, இரண்டு மூன்று நாள் கழித்து அந்தக் குறைந்த அளவிலிருந்து தொடருங்கள்.